இருக்கிறது, ஆனால் கிடைப்பதில்லை: வாசகர் கேள்வி – பதில்

காணொளித் தளங்களில் வேண்டியதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை மிகுதி. பார்வையாளராக இருந்து வருந்துபவர்களும், சொந்தமாகத் தளம் நடத்திக்கொண்டு அதைச் சீரமைக்க விரும்புபவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் சந்தா கட்டிப் பார்த்துவரும் ஓடிடி தளம் சென்ற மாதம் திடீரென்று தோற்றத்தை மாற்றிக்கொண்டது. பாதி பார்த்து நிறுத்திய தொடர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நன்றாக இருந்ததை எதற்காக மாற்றுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஐயா. பல ஆண்டுகள் ஒரே மூலையில் இருந்த அலமாரியை இடம் மாற்றி வைத்துவிட்டால், இருட்டில் கை பழைய மூலைக்கே போகும். பழகிய தளத்தில் விரலும் அப்படித்தான் போகிறது. ஆயினும் மாற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்த இருவர் 2015-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு சாதாரணச் சந்தாதாரர் என்ன பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க 60 முதல் 90 விநாடிகள் வரைதான் பொறுமையாக இருக்கிறார் என்றும், அதற்குள் 10 முதல் 20 தலைப்புகளைக் கண்ணால் தடவிச் சென்று, ஏறத்தாழ மூன்றை மட்டுமே சற்று நின்று கவனிக்கிறார் என்றும், அந்த நேரத்துக்குள் ஒன்றும் பிடிக்காவிட்டால் அவர் தளத்தைவிட்டுப் போய்விடும் வாய்ப்பு பெரிதும் கூடிவிடுகிறது என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். அங்கே பார்க்கப்படும் நேரத்தில் சுமார் 80 சதவீதம் பரிந்துரைகளின் வழியாகவும், மீதி 20 சதவீதம் தேடலின் வழியாகவும் வருவதாகவும் அதே கட்டுரை சொன்னது. ஆகவே அந்த ஒன்றரை நிமிடத்துக்காகவே முகப்பை அவர்கள் திரும்பத் திரும்பச் செதுக்குகிறார்கள்.

2025 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த புதிய தொலைக்காட்சி முகப்பில், இடப்பக்க ஓரத்தில் மறைந்து கிடந்த தேடலும் ‘என் பட்டியல்’ இணைப்பும் திரையின் மேற்புறத்துக்குக் கொண்டுவரப்பட்டன. இதைப் போன்ற மாற்றங்களை நான் வரவேற்கிறேன், ஏனெனில் இவை ஒளிந்திருந்ததை வெளியே எடுத்து வைக்கின்றன. உங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. என்ன பார்ப்பது என்று தெரியாமல் வருபவர், இன்னதுதான் வேண்டும் என்று தெரிந்தே வருபவர் என இரண்டு வகையினர் ஒரே வாசல் வழியாக நுழைகிறார்கள். முதல் வகையினருக்காகப் புதுப் படங்களைப் பெரிதாக்கும்போது, பாதியில் விட்டதைத் தொடர வந்த இரண்டாம் வகையினரின் வரிசை கீழே தள்ளப்பட்டுவிடுகிறது. ‘தொடர்ந்து பார்க்க’ என்ற வரிசையை நான்கைந்து வரிசைகளுக்குக் கீழே தேடிப் பாருங்கள். இனிமேல் எந்தத் தொடரையும் தொடங்கியவுடனே ‘என் பட்டியல்’ பகுதியிலும் சேர்த்துவிடுங்கள். முகப்பு எப்படி மாறினாலும் அந்தப் பட்டியல் உங்கள் கணக்கோடு இருக்கும்.

கேள்வி: எங்கள் இலக்கிய அமைப்பின் இணையதளத்தில் கடந்த பல ஆண்டுகளாகப் பதிவு செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்பொழிவுக் காணொளிகள் உள்ளன. யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை என்று உறுப்பினர்களே குறை சொல்கிறார்கள். தளத்தை வடிவமைப்பவர் புது வண்ணமும் பெரிய படங்களும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?
– அமைப்பின் செயலாளர், கோவை

பதில்: வண்ணத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நீங்கள் அனுப்பியிருந்த திரைப்படிவத்தை (ஸ்கிரீன்ஷாட்) பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஒரே வரிசையில் எட்டுக் காணொளிகள். எட்டின் கீழும் ‘கம்பராமாயணத் தொடர் சொற்பொழிவு…’ என்றே இருக்கிறது. எந்தக் காண்டம், எந்தப் படலம், யார் பேசியது என்ற செய்தியெல்லாம் அந்த மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எட்டின் படங்களிலும் அதே மேடை, அதே பதாகை. இவற்றைப் பெரிதாக்கினால் அதே குழப்பம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலால், கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தெரிவதில்லை. எனவே ஒரு காணொளியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் தலைப்பின் முதலில் வர வேண்டும். ‘வாலி வதைப் படலம் – கிட்கிந்தா காண்டம் – கம்பராமாயணத் தொடர்’ என்று திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆயிரம் தலைப்புகளையும் ஒருவரே மாற்ற வேண்டியதில்லை. நான்கு உறுப்பினர்கள் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குள் முடியும்.

அடுத்த வேலை வகைப்படுத்துவது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன் இதற்கான அடிப்படையை நமக்குச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1931-இல் அவர் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளும் வழியைக் காட்டியது. இன்று பொருள் விற்கும் தளங்களில் விலை, அளவு, நிறம் என்று பக்கவாட்டில் வடிகட்டிகள் இருக்கின்றனவே, அவற்றின் பின்னால் இருக்கும் சிந்தனை இதுதான். உங்கள் தளத்தில் இப்போது ‘இலக்கியம்’, ‘ஆன்மிகம்’, ‘சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று மூன்று பெட்டிகள் இருக்கின்றன. திருவாசகம் பற்றிய பேச்சை எதில் போடுவது என்று நீங்களே தடுமாறியிருப்பீர்கள். அதற்குப் பதிலாகப் பேச்சாளர், எடுத்துக்கொண்ட நூல், பொருள், ஆண்டு, ஊர், கால அளவு என்று ஒவ்வொரு காணொளிக்கும் ஆறு கட்டங்களை நிரப்புங்கள். அதன்பின் ‘திருவாசகம், அரை மணிக்குள், 2015-க்குப் பின்’ என்று ஒருவர் கேட்டாலும் தளம் எடுத்துக் கொடுக்கும். கட்டங்களை நிரப்பும்போது பெயர்கள் ஒரே எழுத்தமைதியில் இருக்க வேண்டும். ஒரே பேச்சாளரின் பெயரை ஓரிடத்தில் முதலெழுத்தோடும், ஓரிடத்தில் ‘முனைவர்’ சேர்த்தும், ஓரிடத்தில் ஊர்ப் பெயரோடும் எழுதினால், கணினிக்கு அவர் மூன்று பேர்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, உங்கள் தளத்தின் தேடல் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். பார்வையாளர்கள் தேடல் பெட்டியில் எழுதிய சொற்கள் அதில் வரிசையாக இருக்கும். எந்தச் சொற்களுக்கு ‘முடிவுகள் இல்லை’ என்று பதில் போயிருக்கிறதோ, அவற்றை மட்டும் தனியே எடுத்து அச்சிட்டு மேசையில் வையுங்கள். காணொளி இருந்தும் கிடைக்காமல் போன சொற்கள் அதில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என்னைவிட அந்தத் தாள் நன்றாகப் பதில் சொல்லும்.

கேள்வி: ‘மௌனம்’ என்ற சொல்லைத் தேடினால் வீட்டுக் கணினியில் காணொளி கிடைக்கிறது, அலுவலகக் கணினியில் அதே தளத்தில் அதே சொல்லை எழுதினால் கிடைக்கவில்லை. கணினியின் கோளாறா, தளத்தின் கோளாறா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இதோ இரண்டு சொற்கள்: ‘மௌனம்’, ‘மெளனம்’. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலாவதில் மகரத்தோடு ஔகாரக் குறி ஒரே எழுத்தாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இரண்டாவதில் ‘மெ’ என்ற எழுத்துக்குப் பின் ‘ள’ என்ற தனி எழுத்து தட்டச்சு செய்யப்பட்டுள்ளது. கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதற்குப் பின்னாலுள்ள எண்ணையே பார்க்கிறது. ஆதலால் இவை அதற்கு வெவ்வேறு சொற்கள். காணொளியின் தலைப்பை எழுதியவர் ஒரு வகையிலும், தேடிய நீங்கள் அலுவலகக் கணினியில் மற்றொரு வகையிலும் தட்டச்சு செய்திருந்தால் இரண்டும் பொருந்தாது.

இதைப் போன்ற இன்னொரு சிக்கல் ஒகர, ஓகாரக் குறிகளில் உண்டு. ‘கொ’ என்பதைக் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) ககரமும் ஒரே குறியுமாக எழுதலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். ஒருங்குறித் தரமே இவ்விரண்டும் சமம் என்று அறிவித்து, ஒன்றை மற்றொன்றாக ஆக்கிக்கொள்ளும் முறையையும் கொடுத்திருப்பதால், தளத்தின் பொறியாளர் தேடும் சொல்லையும் தலைப்பையும் அந்த முறையில் ஒருமைப்படுத்திவிட்டால் இந்தச் சிக்கல் அடியோடு தீரும். ஆனால் ‘மெளனம்’ அப்படித் தீராது. ‘ெள’ என்ற வரிசை ‘வெள்ளம்’, ‘தெளிவு’ போன்ற சொற்களில் முறையாகவே வருவதால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் நல்ல சொற்கள் கெட்டுவிடும். மௌனம், கௌரவம், பௌத்தம், சௌகரியம் போன்ற சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்து மாற்ற வேண்டும். அந்தப் பட்டியல் நீளமானதும் அல்ல.

தமிழ்த் தேடலில் இதைவிடப் பெரிய தடை வேற்றுமை உருபுகளும் புணர்ச்சியும்தான். ‘யாப்பிலக்கணம்’ என்று தேடுபவருக்கு ‘யாப்பிலக்கணத்தின் அடிப்படைகள்’ என்ற காணொளி கிடைக்காமல் போகிறது, ஏனெனில் ‘ம்’ இருந்த இடத்தில் ‘த்தின்’ வந்துவிட்டது. ‘தமிழ்ப்பாடம்’ என்று சேர்த்து எழுதியதும் ‘தமிழ் பாடம்’ என்று பிரித்து எழுதியதும் ஒன்றையொன்று காண்பதில்லை. இவற்றோடு லகர, ளகர, ழகர மயக்கமும், ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதுவோர் ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்துக் கூட்டு வைத்திருப்பதும் சேர்ந்துகொள்கின்றன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த தேடல் மென்பொருளை அப்படியே தமிழ்த் தளத்தில் பொருத்துவதால் வரும் கேடு இது. தமிழுக்குத் தளம் வைத்திருப்பவர்கள் இதற்கு நேரமும் பணமும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று நான் கருதுகிறேன். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சொல்லின் கடைசி ‘ம்’ இல்லாமல் ‘யாப்பிலக்கண’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தைக் கொண்டு பொருத்தும் தளங்களில் அது இரண்டு வடிவங்களையும் எடுத்துத் தரும்.

கேள்வி: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பாடக் காணொளியில் எனக்கு வேண்டிய ஐந்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று இழுத்து இழுத்துத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கு வழி இல்லையா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: இருக்கிறது, ஆனால் அதைக் காணொளியை ஏற்றியவர்தான் செய்ய வேண்டும். யூடியூப் தளத்தில் 2020-இல் அத்தியாய வசதி வந்தது. விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக் குறிப்புகளை ஏறுவரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தலைப்புக் கொடுத்தால் (ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது இருக்க வேண்டும்), ஓடும் பட்டை தானாகவே பகுதிகளாகப் பிரிந்துவிடும். ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கினால் மாணவர் ஒவ்வொருவருக்கும் பல நிமிடங்கள் மிச்சமாகும். உங்கள் ஆசிரியரிடம் மரியாதையோடு இதைக் கேளுங்கள். நீங்களே நேரக் குறிப்புகளை எழுதிக் கொடுத்து, விளக்கத்தில் ஒட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

கேள்வி: பேரன் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கி என் கணக்கில் கார்ட்டூன் பார்த்தான். இப்போது எனக்கு முழுக்கக் கார்ட்டூனாகவே பரிந்துரை வருகிறது. முன்பெல்லாம் நட்சத்திர மதிப்பெண் போடுவோமே, அது இருந்திருந்தால் என் விருப்பம் தளத்துக்குத் தெரிந்திருக்காதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: உடனடி மருந்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. பெரும்பாலான கட்டணத் தளங்களில் ஒரே கணக்குக்குள் ஆளுக்கொரு சுயவிவரம் வைத்துக்கொள்ளலாம். பேரனுக்குக் குழந்தைகளுக்கான சுயவிவரம் ஒன்றைத் தொடங்குங்கள். பிறகு உங்கள் கணக்கு அமைப்பில் ‘பார்த்தவை’ என்ற பட்டியலைத் திறந்து அந்தக் கார்ட்டூன்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். சில நாளில் முகப்பு உங்களிடம் திரும்பி வந்துவிடும்.

நட்சத்திரங்களைப் பற்றிய கேள்வி சுவையானது. நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் ஒரு போட்டி அறிவித்தது. சந்தாதாரர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்று தங்கள் முறையைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிப்பவர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. 2009-இல் ஒரு குழு அதை வென்றது. ஆனால் வென்ற முறையை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை என்றும், கிடைத்த கூடுதல் துல்லியம் அதற்கான உழைப்புக்கு ஈடாகவில்லை என்றும் அந்த நிறுவனமே 2012-இல் எழுதியது. 2017-இல் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டுக் கட்டைவிரல் குறியை வைத்தார்கள். சோதனையின்போது மதிப்பிடுவோரின் செயல் 200 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். சிறந்த ஆவணப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, மாலையில் களைத்து வந்து நகைச்சுவைத் தொடரைப் பார்ப்பது மனித இயல்பு. மதிப்பும் விருப்பமும் ஒன்றல்ல என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். எனினும் நட்சத்திரங்கள் போனதில் எனக்கு ஒரு குறை உண்டு. எது நல்லது என்று பார்வையாளர் தாமே எண்ணிப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு அதோடு போய்விட்டது, எதை அதிக நேரம் பார்த்தார் என்பதே பெரிதும் பேசுகிறது. யூடியூப்பும் 2012-இலேயே பார்வை எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்துக்கு முதன்மை கொடுக்கத் தொடங்கிவிட்டது.

கேள்வி: எழுபத்தெட்டு வயதான என் தாயார் ரிமோட்டை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பழைய படங்களைத் தேட மிகவும் சிரமப்படுகிறார். தளங்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லையா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ரிமோட்டில் ஒவ்வொரு நகர்வும் ஒரு அழுத்தம். ஐந்து வரிசைகளுக்குக் கீழே, ஏழு படங்களுக்கு வலப்பக்கம் இருக்கும் ஒரு படத்தை அடையப் பன்னிரண்டு முறை அழுத்த வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு முன்னோட்டம் தானாக ஓடத் தொடங்கினால், முதியவர்கள் எந்த இடத்தில் இருந்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். எழுத்துப் பலகை வழியாகத் தேடுவது இன்னும் கடினம். தமிழின் 247 எழுத்துகளைத் திரையில் பரப்பி ரிமோட்டால் தேர்ந்தெடுக்கச் சொல்வது யாருக்கும் முடியாத வேலை. பேசித் தேடுவதே தாயாருக்கு ஏற்றது. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது. ரிமோட்டில் ஒலிவாங்கிப் பொத்தான் இருந்தால் கருவியின் குரல் மொழியைத் தமிழுக்கு மாற்ற முடிகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். முடியாவிட்டால், நீங்கள் உங்கள் கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்து, தாயாருக்குப் பிடித்த இருபது படங்களைத் தேடி ‘என் பட்டியல்’ பகுதியில் சேர்த்து வையுங்கள். தொலைக்காட்சியில் அவர் அந்த ஒரு பட்டியலை மட்டும் திறந்தால் போதும். முன்னோட்டங்கள் தானாக ஓடுவதை நிறுத்தும் வசதியும் சில தளங்களில் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் அதை 2020-இல் கொடுத்தது.

கேள்வி: எங்கள் கல்வி அறக்கட்டளையின் காணொளித் தளத்தை மூன்று மாதங்களில் புதுப்பித்து வெளியிட இருக்கிறோம். வெளியிடும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்? சீரமைப்பு பயன்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– தொழில்நுட்பப் பொறுப்பாளர், மதுரை

பதில்: பழைய முகவரிகளை முதலில் பாருங்கள். ஆசிரியர்கள் உங்கள் காணொளிகளின் இணைப்புகளைப் பாடக் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியிருப்பார்கள், தேடுபொறிகளும் பதிந்து வைத்திருக்கும். புதிய தளத்தில் முகவரி அமைப்பு மாறினால் அவை அனைத்தும் ஒரே இரவில் செத்துவிடும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குக் கொண்டுசெல்லும் 301 என்னும் நிரந்தர இடமாற்றக் குறிப்பை வழங்கியில் (சர்வர்) எழுதிவிடுங்கள். அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது போதாது, அந்தந்தக் காணொளிக்கே போக வேண்டும்.

பயனை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பயனர் குழுவில் ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். என் அனுபவமும் அதுவே. தளத்தைச் செய்தவர்களைத் தவிர்த்து, இரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பெற்றோர் என்று ஐந்து பேரை அழைத்து, பழைய தளத்தில் ஐந்து காணொளிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய தளம் தயாரானதும், பழைய தளத்தையே பார்த்திராத வேறு ஐந்து பேரிடம் அதே ஐந்து வேலைகளைக் கொடுங்கள். பணியைச் சொல்லும்போது காணொளியின் தலைப்பில் உள்ள சொல்லை நீங்கள் உச்சரிக்கக் கூடாது. ‘ஒளிச்சேர்க்கை பாடத்தை எடுங்கள்’ என்று சொன்னால் அவர் அதை அப்படியே எழுதிவிடுவார். ‘செடி எப்படித் தனக்கு உணவு தயாரிக்கிறது என்று உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டும்’ என்று சொல்லுங்கள்.

அதன்பின் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கடினமான பகுதி. சென்ற ஆண்டு ஒரு சீரமைப்பின்போது இப்படி ஒரு தாயாரின் அருகில் அமர்ந்திருந்தேன். தேடல் பெட்டியில் அவர் ‘செடி சாப்பாடு’ என்று எழுதினார். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. அழித்துவிட்டு ‘இலை சமையல்’ என்று எழுதினார். அதற்கும் அதே பதில். தளத்தில் ஒளிச்சேர்க்கை பற்றி அருமையான காணொளிகள் நான்கு இருந்தன. அன்று மாலையே அந்த நான்கின் விளக்கத்திலும், குறிச்சொற்களிலும் ‘செடி’, ‘இலை’, ‘உணவு’, ‘சாப்பாடு’ என்ற சொற்களைச் சேர்த்தோம். மறுநாள் அவரை மீண்டும் அழைத்து, அவர் முதலில் எழுதிய அதே இரண்டு சொற்களை எழுதச் சொன்னோம். நான்கும் வரிசையாக வந்து நின்றன.